ஆசிரியருக்கு நன்றி சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரும்பலகைக்கு எதிரே உட்கார்ந்தும் இருந்திருக்கிறேன், அதற்கு முதுகு காட்டி நின்றும் இருந்திருக்கிறேன். ஆசிரியருக்கு எப்படி நன்றி சொல்வது என்று பழைய மாணவர்களும் பெற்றோர்களும் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இவற்றில் சில கேள்விகளை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மனத்துக்குள் ஓடுவது மட்டும் முகத்தில் தெரியும்.

சம்பளம் வாங்கித்தானே பாடம் நடத்துகிறார்? தனியாக நன்றி எதற்கு?

கேட்பதில் தப்பே இல்லை. மருத்துவரும் ஓட்டுநரும் சமையற்காரரும்கூடச் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. செய்த வேலை பலித்ததா இல்லையா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். காய்ச்சல் இறங்கும், வண்டி போய்ச் சேரும், தட்டு காலியாகும்.

ஆசிரியருக்கு அது இல்லை. ஓராண்டு முழுக்க ஒரு பிள்ளையோடு மல்லுக்கட்டிவிட்டு அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார். அந்தப் பிள்ளையின் பயம் தெளிந்ததா, அன்று சொன்ன ஒரு சொல் உள்ளே போனதா, ஆள் கடைசியில் என்ன ஆனான் என்பதெல்லாம் அவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நடக்கிறது. கதையின் முதல் அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தவருக்கு மீதியைப் படிக்கக் கிடைப்பதில்லை.

அதனால் இங்கே நன்றி என்பது மரியாதைச் சடங்காக இருக்க வேண்டியதில்லை. ‘அன்றைக்கு நீங்கள் செய்தது பலித்தது’ என்ற தகவல் அது. அந்தத் தகவல் சம்பளத்தோடு வராது. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

ஓர் ஆசிரியரால் ஒரு வாழ்க்கையே மாறும் என்பதெல்லாம் மேடைப் பேச்சுதானே?

மேடையில் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள்தான். ஆனால் அடியில் உண்மை இருக்கிறது, அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராஜ் செட்டி, ஜான் ஃப்ரீட்மன், ஜோனா ராக்காஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஒரு பெரிய நகரத்தின் பள்ளிப் பதிவுகளையும் வரிப் பதிவுகளையும் இணைத்து, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மாணவர்களின் மதிப்பெண்ணை உயர்த்தக்கூடிய ஆசிரியரிடம் படித்தவர்கள் கல்லூரிக்குப் போவது கூடியிருந்தது. பின்னாளில் அவர்கள் வருமானமும் கூடியிருந்தது.

எனக்குப் பிடித்தது அதில் இன்னொரு செய்தி. நல்ல ஆசிரியரால் மதிப்பெண்ணில் வந்த ஏற்றம் சில ஆண்டுகளில் பெருமளவு தேய்ந்துவிடுகிறது. பார்க்கிறவர்கள் ‘அவ்வளவுதான், போய்விட்டது’ என்று நினைப்பார்கள். பல ஆண்டுகள் கழித்து வாழ்க்கையில் அது திரும்பவும் தலைகாட்டுகிறது. நடுவில் எங்கே ஒளிந்திருந்தது என்பது ஆசிரியருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

மதிப்பெண்ணே முழுக் கணக்கும் அல்ல. கிராபோ ஜாக்சன் என்ற ஆய்வாளர் வட கரோலினா மாநிலத்தின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பற்றி 2018-இல் எழுதினார். ஒழுங்காகப் பள்ளிக்கு வருவது, வம்பில் மாட்டாமல் இருப்பது போன்றவற்றை மேம்படுத்தும் ஆசிரியர்கள் தனியாக இருக்கிறார்கள்; மதிப்பெண்ணை உயர்த்துகிறவர்களும் இவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் அல்ல; மாணவர் பள்ளிப்படிப்பை முடிப்பாரா என்பதில் இவர்கள் பங்கு பெரிது. ‘எங்கள் மிஸ்ஸிடம் பெரிதாக எதுவும் படிக்கவில்லை, ஆனால் அவருக்காகவே பள்ளிக்கூடம் போனேன்’ என்று சொல்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சொல்வது ஆராய்ச்சி முடிவுதான்.

சரி, எழுத உட்கார்ந்துவிட்டேன். என்ன எழுதுவது?

‘நீங்கள்தான் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆசிரியர், உங்களை என்றும் மறக்க மாட்டேன்’ என்று தொடங்கியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அதை ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள்: மேலே இருக்கும் பெயரை அடித்துவிட்டு வேறோர் ஆசிரியர் பெயரைப் போட்டாலும் கடிதம் பொருந்துகிறதா? பொருந்தினால் நீங்கள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

ஒரு நாள், ஒரு செயல் போதும். அன்று என்ன நடந்தது, அதனால் உங்களுக்குள் என்ன ஆனது, இன்று அது எங்கே இருக்கிறது. நான் சொல்வது இப்படி:

“வணக்கம் சார். எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு கணக்குத் தேர்வில் என் விடை தப்பு. நீங்கள் அதைச் சுழித்துவிட்டுப் போகாமல், ‘மூன்றாம் வரி வரைக்கும் சரி. அங்கிருந்து மறுபடி போ’ என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்குக் கணக்கே வராது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மூன்று வரி வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது ஓர் அலுவலகத்தில் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தப்புச் செய்தால், எந்த வரி வரைக்கும் சரி என்பதைத்தான் முதலில் காட்டுகிறேன். அது உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. நீங்கள் பதில் எழுத வேண்டும் என்றில்லை, சார்.”

இதில் ‘நன்றி’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நானும் எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

கடிதம் அரைப் பக்கம் இருந்தால் போதும். கையால் எழுதினால் எடுத்து வைத்துக்கொள்ள வசதி. மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போதான் முடியும் என்றால் அதுவும் சரியே. அனுப்பாத அழகான தாளைவிட அனுப்பிய குறுஞ்செய்தி மேல். ஒன்றை மட்டும் தவிருங்கள்: அதே கடிதத்தின் கடைசியில் பரிந்துரைக் கடிதமோ வேறு உதவியோ கேட்காதீர்கள். மேலே எழுதிய அத்தனையும் அதற்கான முன்னுரையாக மாறிவிடும்.

தமிழாசிரியருக்கு எழுத உட்கார்ந்து, ஒற்றுப்பிழைக்குப் பயந்தே பாதியில் நிறுத்தியவர்கள் ஒரு படையே இருக்கிறார்கள். அனுப்புங்கள். சிவப்பு மை எடுக்க மாட்டார்.

படித்து 20 ஆண்டு ஆகிறது. இப்போது போய் எழுதினால் ஒரு மாதிரியாக நினைக்க மாட்டாரா?

இந்தத் தயக்கத்தையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு உளவியலாளர்கள் சிலரை நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, பெறுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கவும் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களிடமும் கேட்டார்கள். 2018-இல் வந்த முடிவு: பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதுகிறவர்கள் அளவுக்கு மீறி அஞ்சினார்கள், அவருக்கு வரும் வியப்பையும் மகிழ்ச்சியையும் குறைத்தே மதிப்பிட்டார்கள். எழுதியவர் ‘சொற்கள் சரியாக விழுந்தனவா’ என்று கவலைப்பட்டார். படித்தவர் பார்த்ததோ அதிலிருந்த அன்பை.

காலம் கடந்தது குறையே அல்ல. போன மாதம் படித்த மாணவர் ‘பாடம் நன்றாக இருந்தது’ என்று மட்டுமே சொல்ல முடியும். அது என்ன ஆயிற்று என்று சொல்ல 20 ஆண்டு கழித்து எழுதுகிறவரால்தான் முடியும்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1957 அக்டோபரில் தனக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகு, நவம்பர் 19 அன்று தன் தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். அப்போது காம்யுவுக்கு வயது 44. அப்பா முதல் உலகப்போரில் இறந்துபோன, வறுமை பிடித்த வீடு அவருடையது. பையன் சீக்கிரம் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்று பாட்டி நினைத்திருந்தார். ஜெர்மேன் பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, உதவித்தொகைத் தேர்வுக்கும் தயார் செய்தார். பரிசுச் செய்தி வந்ததும் முதலில் அம்மாவையும் அடுத்து உங்களையும் நினைத்தேன் என்பதுதான் கடிதத்தின் சாரம். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஜெர்மேன் அதை ஒரு மாதிரியாக நினைக்கவில்லை. பின்னர் அவர் எழுதிய நீண்ட பதிலும் அச்சில் கிடைக்கிறது.

அவருக்கு என்னை நினைவிருக்குமா?

இல்லாமல் போகலாம். ஆண்டுக்கு 200 பிள்ளைகள் என்று வைத்தால் 30 ஆண்டில் 6,000 முகங்கள். அதிலும் உங்கள் முகம் இப்போது வேறு. அதனால் ‘என்னை நினைவிருக்கிறதா?’ என்று கேட்டு அவரைத் திண்டாட வைக்காதீர்கள். எந்த ஆண்டு, எந்த வகுப்பு, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வகுப்புப் புகைப்படம் இருந்தால் உங்கள் தலைக்கு மேல் ஓர் அம்புக்குறி போட்டு அனுப்பலாம். வாலுப் பையனாக இருந்திருந்தால் இந்தக் கவலையே வேண்டாம். வாலுகளை ஆசிரியர்கள் மறப்பதில்லை.

அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை.

பள்ளி அலுவலகத்துக்கு எழுதி, கடிதத்தை அவரிடம் சேர்த்துவிட முடியுமா என்று கேளுங்கள். முகவரியைக் கேட்காமல் கடிதத்தை அனுப்பிவைக்கக் கேட்பது நல்லது. அவர் விவரத்தை முன்பின் தெரியாதவருக்கு அவர்கள் தரக்கூடாது. பழைய மாணவர் குழுக்களில் யாராவது ஒருவர் எப்போதும் தொடர்பில் இருப்பார்.

பரிசு கொடுக்கலாமா?

இப்போது அவரிடம் படிக்கிற பிள்ளையின் வீட்டிலிருந்து விலையுயர்ந்த பரிசு போகக்கூடாது என்பது என் கட்சி. மதிப்பெண் போடும் கைக்குப் பரிசு கொடுத்தால், கொடுத்தவர் மனசு சுத்தமாகவே இருந்தாலும் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆசிரியருக்கும் அது தர்மசங்கடம். தென் கொரியாவில் 2016-இல் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டம் இதை நுனிவரைக்கும் கொண்டுபோனது. தனக்கு மதிப்பெண் போடும் ஆசிரியருக்கு மாணவர் தனியாக ஒரு கார்னேஷன் பூக்கூடக் கொடுக்கக்கூடாது. மாணவர் பிரதிநிதி எல்லோர் முன்னிலையிலும் கொடுக்கலாம். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அந்த வித்தியாசத்தில் நியாயம் இருக்கிறது: ஒரு பூ எல்லோர் சார்பிலும் போனால் நன்றி, ஒருவர் மட்டும் கொடுத்தால் கேள்வி.

வகுப்பே சேர்ந்து எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம், ஆளுக்கு நான்கு வரி, எந்தப் பரிசையும் விட நீண்ட நாள் இருக்கும். பள்ளியின் விதிகளை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். படித்து முடித்துப் பல ஆண்டான மாணவர் என்றால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

நான் இன்னும் அவரிடம் படித்துக்கொண்டிருக்கிறேன். நன்றி சொன்னால் காக்கா பிடிக்கிறேன் என்பார்களே?

மதிப்பெண் வந்த பிறகு சொல்லுங்கள். பிரச்சினை முடிந்தது. அதுவரைக்கும் பாராட்ட வேறு வழி இருக்கிறது: போன வாரம் சொன்னதை வைத்து இந்த வாரம் ஒரு கேள்வி கேளுங்கள். பாடம் நடத்துகிறவருக்கு அதைவிடத் தெம்பு தருவது குறைவு. வகுப்பு முடிந்து வெளியே போகும்போது ‘இன்றைக்குப் புரிந்தது, மிஸ்’ என்று இரண்டு சொல். நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

பெற்றோராக நான் என்ன செய்யலாம்?

பெற்றோர் பள்ளிக்கு வருவது பெரும்பாலும் ஏதாவது கோணலாகும்போதுதான். எல்லாம் நன்றாகப் போனால் யாரும் வருவதில்லை. ஆசிரியரின் காதில் விழுவதெல்லாம் குறைகளாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018-இல் நடத்திய பன்னாட்டு ஆசிரியர் கணக்கெடுப்பில், தங்கள் தொழிலைச் சமூகம் மதிக்கிறது என்று சொன்னவர்கள் உறுப்பு நாடுகளில் சராசரியாக 26 சதவீதம் பேர்தான்.

எனவே வீட்டில் பார்த்த மாற்றத்தைச் சொல்லுங்கள். ‘பையன் நேற்று ராத்திரி தங்கைக்குக் கிரகணம் எப்படி வருகிறது என்று எலுமிச்சம்பழத்தை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான்’ என்று நீங்கள் சொல்லாவிட்டால் அந்த அறிவியல் ஆசிரியருக்கு அது தெரிய வழியே கிடையாது. வகுப்பறைக்கு வெளியே பாடம் உயிரோடு இருப்பதைப் பார்க்கிற ஒரே சாட்சி நீங்கள்தான்.

அதையே தலைமையாசிரியருக்கு எழுத்திலும் கொடுத்து, ஆசிரியருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். புகார் எல்லாம் எழுத்தில் வருகிறது; பாராட்டு மட்டும் ஏன் காற்றோடு போக வேண்டும்? பணி உயர்வு, இடமாற்றம் என்று வரும்போது கோப்பில் இருக்கும் தாள்தான் பேசும்.

பிள்ளை காதுபட ஆசிரியரைக் கேலி செய்யாமல் இருப்பது இன்னொன்று. குறை இருந்தால் முதலில் அவரிடமே நேரில் கேளுங்கள். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் விசாரணை நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டு, ஆண்டு முடிவில் பூங்கொத்தோடு போவதில் அர்த்தமில்லை.

சின்னப் பிள்ளையை எப்படி எழுத வைப்பது?

நீங்கள் சொல்லச் சொல்ல எழுத வைக்காதீர்கள். ‘டீச்சர் செய்ததிலேயே உனக்குப் பிடித்தது எது?’ என்று கேட்டுவிட்டு, வருவதை அப்படியே விடுங்கள். ‘நான் வாந்தி எடுத்தப்ப டீச்சர் திட்டல’ என்று வரும். திருத்தாதீர்கள், எழுத்துப்பிழையோடு போகட்டும். எழுதத் தெரியாவிட்டால் படம் வரையட்டும்.

கண்டிப்பான ஆசிரியருக்கும் நன்றி சொல்ல வேண்டுமா? அடித்தவருக்கும்?

இரண்டும் ஒன்றல்ல. ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லிச் சொல்லியே இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம். பிள்ளை மாடு அல்ல. பள்ளி ஒழுங்கு என்பது குழந்தையின் மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 28-ஆம் பிரிவில் சொல்கிறது.

‘இது போதாது, உன்னால் இன்னும் முடியும்’ என்று தாளைத் திருப்பிக் கொடுத்தவர் ஒரு வகை. டேவிட் யேகரும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், அமெரிக்காவின் ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் ஆசிரியர் குறைகளைக் குறித்த பிறகு ஒரு துண்டுச் சீட்டை ஒட்டினார்கள். ‘உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இதை எழுதுகிறேன்’ என்பது சிலருக்கு ஒட்டிய சீட்டின் சாரம்; மற்றவர்களுக்கு அந்த நம்பிக்கை வரிகள் இல்லாத சாதாரணச் சீட்டு. கறுப்பின மாணவர்களில், சாதாரணச் சீட்டுப் பெற்றவர்களில் 17 சதவீதம் பேர் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுத்தார்கள். நம்பிக்கைச் சீட்டுப் பெற்றவர்களில் 72 சதவீதம். திருத்தங்களின் கடுமை ஒன்றுதான். நம்பிக்கைதான் வேறு. அந்த வகைக் கண்டிப்புக்காரருக்குக் கட்டாயம் எழுதுங்கள். தான் வெறுக்கப்பட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

வகுப்பின் முன்னால் அவமானப்படுத்தியவர், அடித்தவர் வேறு வகை. அவர்களுக்கு நீங்கள் எந்த நன்றிக்கடனும் படவில்லை. ‘அன்று அடித்ததால்தான் இன்று ஆளானேன்’ என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அடி வாங்கிப் படிப்பையே விட்டவர்கள் அந்த மேடையில் இருப்பதில்லை என்பதை மட்டும் நினைத்துக்கொள்வேன்.

ஆசிரியர் தினம் எப்போது?

உலக ஆசிரியர் நாள் அக்டோபர் 5. ஆசிரியர்களின் தகுதிநிலை பற்றிய பரிந்துரையை யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1966-இல் அதே தேதியில் ஏற்றன. நாளாகக் கொண்டாடுவது 1994 முதல். இந்தியாவில் செப்டம்பர் 5 (1962 முதல், டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்தநாள்), சீனாவில் செப்டம்பர் 10, தென் கொரியாவில் மே 15. என்னைக் கேட்டால், அந்த நாளில் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் சொல்லுங்கள்.

முகநூலில் பதிவு போட்டால் போதாதா?

போடலாம், அவர் அனுமதியோடு. ஆனால் முதலில் அவருக்குத் தனியாக அனுப்புங்கள். 400 விருப்பக்குறிகள் வாங்கிய பதிவு அதற்கு உரியவர் கண்ணில் படாமலே போன கதை எனக்குத் தெரியும்.

பாராட்டினால் ஆசிரியர்களின் பிரச்சினை தீருமா?

தீராது. சரியான சம்பளம், அளவான வகுப்பு, தாள் வேலைக்கு நடுவே பாடம் நடத்த நேரம் ஆகியவற்றுக்குப் பூங்கொத்து ஈடாகாது. 2030-க்குள் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்கு உலகெங்கும் இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. வந்தவர்கள் விட்டுப்போவதும் அதற்கு ஒரு காரணம். கைதட்டிவிட்டுக் கோரிக்கையைக் கேட்காமல் நகர்கிற நிர்வாகங்கள் எங்கும் உண்டு. உண்மையிலேயே நன்றி உள்ளவர் அவர்கள் கோரிக்கை வைக்கும் நாளிலும் கூட நிற்பார்.

நான் எழுத நினைத்தபோது அவர் இறந்துவிட்டார்.

எழுதுங்கள். அவர் குடும்பத்துக்கு அனுப்புங்கள். வகுப்பறைக்குள் அவர் எப்படி இருந்தார் என்பது வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நீங்கள் அனுப்புவது அவர்களுக்குத் தெரியாத ஒரு மனிதரை.

நானே ஆசிரியர். எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை.

சொல்ல நினைத்தவர்கள் இருப்பார்கள். மேலே உள்ள தயக்கங்களில் ஏதாவது ஒன்று அவர்களைப் பிடித்து நிறுத்தியிருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரைப் பற்றிப் பிள்ளைகள் நல்லதாகச் சொன்னால் அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். அந்தப் பழக்கம் ஒரு பள்ளியில் வந்துவிட்டால் உங்களைப் பற்றியும் செய்தி வரத் தொடங்கும். வருவதைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள்.

என்னிடம் ஒரு பழைய பென்சில் டப்பா இருக்கிறது. அதில் துண்டுச் சீட்டுகள், பாதிக்கு மேல் பெயரில்லாதவை. ஒன்றில், ‘சார், அன்னைக்கு நீங்க கேக்கலன்னா நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. யார் எழுதியது, என்றைக்கு, எதைக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.